மகள் ஏழிமலைக்குப் போகிறாள், நாங்கள் இங்கே என்ன செய்ய வேண்டும்?

புதுவயல் கணக்குப்பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான். என் பக்கத்திலும் மனைவி பக்கத்திலும் பட்டாளத்துக்கோ கப்பலுக்கோ போனவர்கள் ஒருவர்கூட இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

மகள் போன வருடம் பிளஸ் டூ முடித்தாள். ஜே.இ.இ. மெயின் எழுதியதில் நாங்கள் ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்கவில்லை. சரி போகட்டும் என்று காரைக்குடியிலேயே பி.எஸ்சி. கணிதத்தில் சேர்த்தேன். அவள் அந்த ஜே.இ.இ. ரேங்க்கை வைத்துக் கடற்படையின் பிளஸ் டூ பி.டெக். நுழைவுக்கு (பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, பி.டெக். படிக்க வைத்து அதிகாரியாக்குவது) விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பெங்களூருக்கு நேர்முகத் தேர்வு என்று சொன்னபோதுதான் எனக்கே தெரியும். அந்த ஐந்து நாள் தேர்வு (எஸ்.எஸ்.பி. என்கிறார்கள்) முடிந்தது, மருத்துவப் பரிசோதனை முடிந்தது, மெரிட் லிஸ்ட்டிலும் பெயர் வந்துவிட்டது. போன வாரம் சேரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஜூலையில் கேரளாவில் ஏழிமலையில் இருக்கிற கடற்படை அகாடமிக்குப் போக வேண்டும். நான்கு வருடம்.

சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடிதத்தோடு வந்த தாள்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பாதியில் தானாக விட்டுவிட்டு வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். களத்தில் காய்கிற நெல்லைத் தள்ளிவிட்டு வந்து அந்தப் பத்திரத்தை நாலு தடவை படித்தேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

மாமியார் ஒரு பக்கம். "படிக்கிற படிப்பை விட்டுட்டுப் பொட்டப்புள்ள துப்பாக்கி தூக்கப் போகுதா?" என்று தினமும் கேட்கிறார். மனைவி ஒன்றும் பேசுவதில்லை. ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். மகள் மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து கண்டனூர் சாலையில் ஓடிவிட்டு வருகிறாள்.

பிள்ளைகளை அங்கே அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டியிருக்கும்? போய்ப் பார்க்க விடுவார்களா? முடியவில்லை என்று போன் செய்தால் என்ன சொல்வது? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.


பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் மகன் ஏழிமலையில் படித்து, போன நவம்பரில் சப் லெப்டினன்ட் ஆகி வெளியே வந்தான். இப்போது கொச்சியில் பயிற்சிக் கப்பலில் இருக்கிறான். நான் பலகாரம் போட்டு விற்கிறவள், படிப்பு பத்தாவதுதான். எனவே சட்டதிட்டமெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். தாய் தகப்பன் பாட்டை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் பணம். பயிற்சி, சாப்பாடு, உடுப்பு, பாடப்புத்தகம் எல்லாம் கடற்படையின் செலவு. நான் மாதம் ஆயிரம், சில மாதம் இரண்டாயிரம் அனுப்பினேன். சோப்பு, பாலிஷ், கேன்டீனில் பிஸ்கட், முடிவெட்டு, அவ்வளவுதான். விடுமுறைக்கு வந்து போகிற மாதம் கொஞ்சம் கூடுதலாகும். கல்லூரி விடுதிக்குக் கட்டுகிற பணத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

கொண்டுபோய் விட்ட அன்று நடந்ததைச் சொல்கிறேன். திருச்சியில் விடியற்காலை மங்களூர் ரயிலைப் பிடித்தோம். சாயங்காலம் பய்யனூரில் இறங்கினோம். அதுதான் பக்கத்துப் பெரிய ஸ்டேஷன். நான் மூன்று தூக்கு நிறையத் தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் போட்டு எடுத்துப் போனேன். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கும் கொடுக்கட்டுமே என்ற எண்ணம். மறுநாள் வாசலில் சாமானைச் சரிபார்த்து, வீட்டுப் பலகாரத்தை மட்டும் எங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான், கையை ஆட்டினான், உள்ளே போய்விட்டான். அவனுடைய அப்பச்சி, அதாவது என் வீட்டுக்காரர், திரும்பி வரும்போது ரயிலில் ஒரு தேன்குழலை எடுத்து உடைத்து உடைத்துத் தின்றுகொண்டே வந்தார். திருச்சி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தூக்கு காலியாகிவிட்டது. அவருக்குச் சர்க்கரை வேறு.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக.

அவன் காலத்தில் முதல் டெர்மில் கையில் செல்போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று போன் பேச வேண்டும். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். முதல் இரண்டு வாரம், "நல்லா இருக்கேன் ஆத்தா, சாப்பிட்டியா ஆத்தா" என்று முடித்துவிட்டான். மூன்றாவது வாரம் குரலே வேறாக இருந்தது. "என்னால முடியல. நான் வந்துடுறேன்" என்றான். அதோடு போன் வைக்கப்பட்டுவிட்டது.

அன்று இரவு நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை. காலையில் எனக்குத் தாங்கவில்லை. சேரும்போது கொடுத்த தாளில் அவனுடைய டிவிஷனல் ஆபீசர் நம்பர் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஓர் அதிகாரி பொறுப்பாக இருப்பார். அந்த நம்பருக்குப் போட்டுவிட்டேன். மகன் பெயரைச் சொன்னேன். அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "சர்நேம் என்னம்மா?" என்று இங்கிலீஷில் கேட்டார். அங்கே எல்லோரையும் சட்டையில் குத்தியிருக்கிற கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து அவனுடைய அப்பச்சி பெயரை எழுதியிருந்தோம். ஆக, அந்தப் பெயரை நான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை தம்பி. அவர் முகப்பில் நின்றுகொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "ஓ, அந்தப் பையனா, நன்றாக இருக்கிறான், ஓடுகிறான், சாப்பிடுகிறான், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அந்த அதிகாரி நிதானமாகச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

குறை என்மேல்தான். அடுத்து இரண்டு ஞாயிறு அவனிடமிருந்து போனே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தபோது, "ஆத்தா, எல்லாப் பசங்களும்தான் வீட்டுக்குப் போன் பண்ணி அழுறாங்க. எங்க வீட்லேர்ந்து மட்டும்தான் ஆபீசருக்குப் போன் வந்துச்சு. இனிமே இப்படிப் பண்ணாதே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வெட்கப்பட்டுச் சொன்னான்.

அதற்கப்புறம் நான் ஒரு வழி பிடித்தேன். அவன் என்ன சொன்னாலும் "சரி, அப்புறம்?" என்று மட்டும் கேட்பேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிட்டாங்க." சரி, அப்புறம்? "மழையில ஓட விட்டாங்க." சரி, அப்புறம்? "ஷூவுல தண்ணி. காலெல்லாம் வெடிச்சுப் போச்சு." சரி, அப்புறம்? "அப்புறம் என்ன, பக்கத்து ரூம் பஞ்சாப் பையன் வழுக்கி விழுந்து எங்க எல்லாரையும் சிரிக்க வச்சுட்டான்." இந்த இடத்துக்கு அவனே வந்து சேர்வான். நான் நடுவில் புகுந்து "ஐயோ, காலுக்கு மருந்து போட்டாயா?" என்று கேட்டிருந்தால் பஞ்சாப் பையன் வந்திருக்க மாட்டான். வா என்றும் சொல்லக் கூடாது, வராதே என்றும் சொல்லக் கூடாது. வா என்றால் அன்றைக்கே கிளம்பத் தோன்றும். வராதே என்றால் அடுத்த தடவை நம்மிடம் சொல்லவே மாட்டார்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

இதற்கு நான் நிஜமாகவே பல்லைக் கடித்துக்கொண்டது இரண்டாவது டெர்மில். ஓடி ஓடி முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு இது நிறைய வருமாம். பயிற்சிக்குப் போக முடியாத நாட்கள் கூடிப்போய் அவனை ஒரு டெர்ம் பின்னால் போட்டுவிட்டார்கள். ரெலிகேஷன் என்பார்கள். ஆறு மாதம் போச்சு, கூட வந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள், இவன் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். போனில் ஒரே வரியில் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வழக்கம்போல "சரி, அப்புறம்?" என்று கேட்டேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்புறம் ஒண்ணுமில்ல ஆத்தா. காலைப் பார்த்துக்கணும்" என்றான்.

நாங்கள் கிளம்பிப் போகவில்லை. போயிருந்தால் அவனைப் பார்த்து நான் அழுதிருப்பேன், அவன் எனக்குச் சமாதானம் சொல்லியிருப்பான். கட்டுப் போட்ட காலோடு அந்த வேலையும் அவனுக்கு எதற்கு? அதற்குப் பதில் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

கடிதம் என்றால் புத்திமதி இல்லை. அவனுடைய அப்பத்தாதான் இதை எனக்குக் கற்றுக் கொடுத்தார். அவருடைய தகப்பனார் பன்னிரண்டு வயதில் பர்மாவுக்கு, கொடுக்கல் வாங்கல் கடையில் வேலை பழகுகிற பெட்டியடிப் பையனாகப் போனவர். மூன்று வருடக் கணக்கு முடியாமல் திரும்ப முடியாது. இங்கேயிருந்து போன கடிதங்களில் சிலவற்றை அவர் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. எதிலும் உன்னைத் தேடுகிறது, ஏங்குகிறது என்று ஒரு வரி கிடையாது. பசு கன்று போட்டது, ஊருணி நிறைந்தது, இன்னார் வீட்டில் படைப்பு, புளி என்ன விலை, இவ்வளவுதான். "ஏன் இப்படி வறட்டுத்தனமா எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன். "அழுது எழுதினா அவன் அங்க எப்படிக் கணக்கு எழுதுவான்?" என்றார்.

நானும் அப்படியே எழுதினேன். கடலை எண்ணெய் விலை, எதிர்வீட்டில் பாதிக் கூரைக்கு ஓடு மாற்றிவிட்டு மீதிக்குப் பணம் பற்றாமல் நிற்கிறார்கள், கொப்புடையம்மன் தேர் அன்று மழை. அவன் பதில் போட்டது மொத்தம் மூன்று கடிதம். ஆனால் வெளியே வந்த அன்று அவன் பெட்டியில் என் கடிதம் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. எண்ணெய் விரல் பட்ட இடமெல்லாம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

அணிவகுப்பைப் பற்றிக் கொஞ்சம். படிப்பு முடிகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். மே கடைசியில் ஒன்று, நவம்பர் கடைசியில் ஒன்று. பய்யனூரில் தங்குமிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், அந்த வாரம் ஊரே பெற்றோர்தான். கடைசியில் மெதுநடை போட்டு ஒரு படியைத் தாண்டிப் போவார்கள், அந்திம் பக் என்று பெயர், கடைசி அடி. அதற்கப்புறம் நம்மை விடுகிறார்கள். தோள்பட்டையில் அந்தத் தங்கக்கோட்டுப் பட்டையைத் தாய் தகப்பன்தான் பொருத்த வேண்டும். நான் குள்ளம். அவன் முழங்காலை மடக்கிக் குனிந்து நின்றான். எனக்குப் பித்தான் பிடிபடவே இல்லை, விரல் நடுங்குகிறது. "மெதுவா ஆத்தா, டைம் இருக்கு" என்கிறான். இடது தோளை அவனுடைய அப்பச்சி முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். சட்டையில் அவர் பெயர்தான் பளபளவென்று இருந்தது.

தம்பி, கையெழுத்துப் போடுங்கள். அந்த அம்மா அடுப்படியில் அழுதால் அழட்டும், தடுக்காதீர்கள். புள்ளை போன பிறகு அழுவதைவிட இப்போது அழுவது நல்லது.


தேவகோட்டை பழைய மாலுமி எழுதியது:

ஆச்சி சொன்ன பிறகு நான் சொல்ல அதிகம் இல்லை. நான் மாலுமியாக ஒடிசாவில் சில்காவில் பயிற்சி எடுத்து, பதினைந்து வருடம் இருந்து வந்தவன். அதிகாரிகள் பயிற்சி வேறு, எங்கள் பயிற்சி வேறு. ஆனால் காகித வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

தம்பி, முதலில் பெயரைப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்கு நாலிலும் மகள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா? நம் பக்கம் ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரித்து எழுதியிருக்கும். வடக்கே இருக்கிற கிளார்க்குக்கு மூன்றும் மூன்று ஆள். எனக்கு இதனால் முதல் சம்பளமே தாமதமானது. ஜூலைக்குள் சரிசெய்துவிடுங்கள். எல்லாவற்றிலும் நகல் பத்துப் பத்து எடுத்து, ஒரு கட்டு உங்களிடம் இருக்கட்டும்.

பத்திரத்தைக் கண்டு பயப்படாதீர்கள். அது தன் விருப்பத்தில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்குத்தான். அடிபட்டு, உடம்பு முடியாமல் மருத்துவர்கள் அனுப்பி வைத்தால் அந்தக் கணக்கு வேறு. இருந்தாலும் நோட்டரியிடம் போகிறபோது வரிக்கு வரி படித்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

படிப்பு போகிறது என்று மாமியார் சொன்னால், போகவில்லை என்று சொல்லுங்கள். நான்கு வருட முடிவில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.டெக். பட்டம் கையில் கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸோ மெக்கானிக்கலோ எதுவானாலும் முழுப் பொறியியல் பட்டம். பொம்பளைப் பிள்ளை என்று சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. கடற்படையில் பெண் அதிகாரிகள் 1992-லிருந்தே இருக்கிறார்கள். புதுச்சேரிப் பெண் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கேரளாவின் தில்னாவோடு சேர்ந்து, தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் வந்து சேர்ந்தார். படகில் இரண்டே பேர். அந்தப் போட்டோவை மாமியாரிடம் காட்டுங்கள். ஒரு வாரம் பேச்சு வேறு பக்கம் போகும்.

மகளுக்கு நீச்சல் தெரியுமா? தெரியாவிட்டாலும் அங்கே கற்றுக் கொடுப்பார்கள். ஆனால் பயத்தைக் கற்றுக் கொடுத்துப் போக்க முடியாது. எங்கள் காலத்தில் ஊருணியில் பிடித்துத் தள்ளிவிடுவார்கள், அதுதான் வகுப்பு. இப்போது ஊருணி பாதி தூர்ந்து கிடக்கிறது. காரைக்குடியில் ஒரு நீச்சல் குளத்தில் கட்டணம் கட்டிச் சேர்த்து, தலை நனைய, மூக்கில் தண்ணீர் ஏறப் பழக்கி அனுப்புங்கள். புது ஷூ வாங்கினால் இப்போதே போட்டு ஓடச் சொல்லுங்கள். ஆச்சி மகனுக்கு வந்த விரிசல் பாதி அவசரத்தால் வருவது. ஒரேயடியாக ஓட்டத்தைக் கூட்டக் கூடாது. தார்ச் சாலையை விட்டுவிட்டு மண்ணில் ஓடச் சொல்லுங்கள்.

இந்தி தெரியாதே என்று கவலை வேண்டாம். வகுப்பு இங்கிலீஷில்தான். டிரில் மட்டும் இந்தியில். சாவ்தான், விஷ்ராம், இப்படிப் பத்திருபது சொல். ஒரு மாதத்தில் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

மழைக்குத் தயாராகப் போகச் சொல்லுங்கள். ஜூலையில் ஏழிமலை மழை நம் ஊர் மழை மாதிரி வந்துவிட்டுப் போகிறது இல்லை, வந்து குடியிருப்பது. சங்கப் பாட்டில் நன்னனுடைய மலையாக வருகிற ஏழில் இதுதான். 2009 ஜனவரி 8 அன்று அங்கே அகாடமியைத் திறந்தார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். இடம் அழகு. முதல் டெர்மில் அதைப் பார்க்க அவளுக்கு நேரம் இருக்காது.


ஹூஸ்டன் நகரத்தான் எழுதியது:

ஊர் ஆத்தங்குடி, இருப்பது டெக்சாஸில். இங்கே பிறந்த என் மகள் அமெரிக்கக் கடற்படையின் என்.ஆர்.ஓ.டி.சி. என்கிற அதிகாரிப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. அது வேறு மாதிரி ஏற்பாடு என்றாலும் பெற்றோர் பாடு ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே பிள்ளை சாதாரணப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கும். விடுதியில் மற்ற மாணவர்களோடு இருக்கும். வாரத்தில் சில நாள் விடியற்காலை உடற்பயிற்சி, ஒரு நாள் சீருடை, டிரில், கூடவே கடற்படைப் பாடங்கள். கோடையில் கப்பலுக்கு அனுப்புவார்கள். நான்கு வருட உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் முழுக்க அவர்கள் பொறுப்பு, கைச்செலவுக்கு முதல் ஆண்டில் மாதம் 250 டாலர். அறை வாடகையும் சாப்பாடும் நம் தலையில், நான் அதைச் சரியாகப் படிக்காமல் முதல் பில்லைப் பார்த்து முழித்தேன். இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்கு முன் விலகினால் கடமை ஏதும் இல்லை. அந்தக் கதவு மூடிய பிறகு விலகினால் பணமாகவோ பணியாகவோ ஈடு கட்ட வேண்டும்.

அந்தக் கதவு மூடுகிற ஆகஸ்டில் நான் செய்த காரியம் இது. தினமும் அவளைக் கூப்பிட்டு, "யோசிச்சியா, இப்பவும் விலகலாம், அப்பச்சி ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பெருந்தன்மையாக இருக்கிறேன் என்று நினைப்பு. நான்காவது நாள், "விலகணும்கிறது உங்க ஆசையா, என் ஆசையான்னு எனக்குத் தெரியல அப்பச்சி" என்றாள். ஆச்சி சொன்ன "சரி, அப்புறம்" அப்போது எனக்குத் தெரிந்திருக்கலாம்.

இன்னொன்று. கணவர் பெயரை ஆச்சி சொன்ன இடத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கே அவள் என் பெயரை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறாள், பெரும்பாலும் குப்பையை வெளியே வைப்பதற்கு.


புதுவயல் கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி, உங்கள் பதிவை மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்தேன். ரயிலில் தேன்குழல் தின்ற இடத்தில் சிரித்தாள். பத்து நாளில் முதல் தடவை. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்களும் இப்படித்தான் செய்வீங்க" என்றாள். மறுத்துப் பேச முடியவில்லை.

பெயர் விஷயம் தேவகோட்டை அண்ணன் சொன்னது அப்படியே பலித்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் என் பெயர் முழுசாக, அதிலும் ஓர் எழுத்து தப்பு. நேற்று இ-சேவை மையத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். என் பெயர் மகள் சட்டையில் இருக்கப் போகிறது என்று ஆலையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். லோடுமேன்கள் இப்போது என்னைக் கண்டால் சல்யூட் அடிக்கிறார்கள். நீச்சலுக்கும் சேர்த்தாகிவிட்டது. முதல் நாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வந்து தோசை கேட்டாள்.

பத்திரத்தில் திங்கட்கிழமை கையெழுத்து. மாமியாருக்குப் படகுப் போட்டோவைக் காட்டினேன். "இந்தப் புள்ளைக கடல் நடுவுல சோத்துக்கு என்ன பண்ணுச்சுக?" என்று கேட்டார். துப்பாக்கி பற்றி இன்று ஒன்றும் சொல்லவில்லை.

மனைவி ஒன்று கேட்கச் சொன்னாள். கடிதம் தமிழில் எழுதலாமா? அங்கே பிரித்துப் பார்ப்பார்களா? அவளுக்குப் பேசுகிற மாதிரிதான் எழுத வரும்.


பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள் தம்பி. பேசுகிற மாதிரி எழுதினால்தான் நல்லது, குரல் கேட்கும். என் கடிதம் ஒன்றுகூடப் பிரித்து வந்ததாக அவன் சொல்லவில்லை. மேலே விலாசத்தை மட்டும் மகளையே இங்கிலீஷில் பத்துப் பதினைந்து உறையில் எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், பின்கோடோடு. அங்கே போய் எந்தப் பிரிவு (ஸ்குவாட்ரன்) என்று தெரிந்த பிறகு அந்த ஒரு வரியை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். இன்லாண்டு லெட்டர் வாங்கினால் காரைக்குடி தபால் நிலையத்தில் மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். சின்னத் தபால் நிலையத்தில் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள்.

முதல் கடிதத்தைப் புள்ளை கிளம்புகிறதற்கு நாலு நாள் முன்னாலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சேருகிற வாரத்திலேயே கையில் கிடைக்கும். நான் அதைச் செய்யவில்லை. அவனுக்கு முதல் கடிதம் கிடைத்தபோது இரண்டாவது டெர்ம் ஆகியிருந்தது.

அப்புறம், தேன்குழல் எடுத்துப் போங்கள். வாசலில் திருப்பித் தந்தால் திரும்பி வரும்போது உங்களுக்கு வேண்டியிருக்கும்.